தையல்காரன் கடை

சார்ஜென்ட் எனாக் பிரையர்லிக்கு இரண்டு விஷயத்தில் தலைக்கனம் உண்டு. ஒன்று, பதுங்குகுழியை அடுத்து வரும் படையிடம் ஒப்படைக்கும்போது அவன் பட்டியலில் ஒரு மண்வெட்டிகூடக் குறைந்ததில்லை. இன்னொன்று, அவன் "மின்னி" என்று கத்தினால் மின்னி வந்தே தீரும்.

மின்னி என்பது ஜெர்மன்காரன் எதிர்க்குழியிலிருந்து தூக்கிப் போடும் கனத்த குண்டுக்குச் சிப்பாய்கள் வைத்த செல்லப் பெயர். அது காதில் விழுந்தால் எந்தப் படைக்காரனாக இருந்தாலும் சேறு, சகதி பார்க்காமல் குப்புற விழுவான். பொய்யாகக் கத்தினால் தண்டனை உண்டு. தண்டனையாவது ஒரு வாரத்தில் தீரும். அப்படிக் கத்தியவனின் சொல்லை அப்புறம் ஒருவனும் நம்ப மாட்டான். இரண்டு வருஷத்தில் எனாக் ஒரு தடவைகூடப் பொய்யாகக் கத்தியதில்லை. இங்கிலாந்தில் ஓல்டாம் பஞ்சாலையில் தறி ஓட்டிய காலத்திலும் அவன் அப்படித்தான், சொன்னால் சொன்னதுதான்.

1917 மார்ச்சில், பெல்ஜியத்தின் ஈப்ரே ஊருக்கு வெளியே, முன்னே நிற்பவன் முதுகு தெரியாத மூடுபனிக் காலையில், குழியைப் பொறுப்பேற்க ஸ்காட்லாந்துக்காரர்கள் வந்தார்கள். அவர்களுடைய சார்ஜென்ட் லாக்லன் கெர் பனைமரம் மாதிரி ஆள். குட்டைப் பாவாடைக்குக் கீழே முழங்கால் இரண்டும் குளிரில் சிவந்திருந்தன.

"மண்வெட்டி முப்பது. ரப்பர் பூட்ஸ் பன்னெண்டு ஜோடி. விஷவாயு மணி ஒண்ணு. எச்சரிக்கைப் பலகை ஒண்ணு. எண்ணிப் பாத்துக்குங்க."

"ஓல்டாம் தறிக்காரர்தானே? உங்க பேரைக் கேள்விப்பட்டிருக்கேன். எண்ண வேண்டியதில்ல." கெர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டான்.

காகிதத்தில் எழுத முடியாததை வாயால் சொல்லிவிட்டுப் போவது குழி வழக்கம். எனாக் அதையும் சொன்னான்.

"இந்தக் குழில ராஜா மாதிரி நிமிர்ந்து நடக்கலாம். ஒரே ஒரு இடம்தான் ஆபத்து. அந்த வளைவுல மண்மேடு அரை அடி கம்மி. பாத்தா தெரியாது. எதிர்ல ஒருத்தன் துப்பாக்கியை அங்கயே குறி வெச்சுக் கட்டி வெச்சிருக்கான். மணல் மூட்டைல வரிசையா ஓட்டை போடுவான், தையல் போட்ட மாதிரி. அதனால தையல்காரன்னு கூப்பிடறோம். போன வாரம் எங்க ஆளு ரெண்டு பேரு போயிட்டாங்க. அங்க பலகை நட்டிருக்கேன். பலகையைக் கண்டா குனிங்க, மத்த இடத்துல கவலையே வேணாம்."

"நாங்க மலை நாட்டுக்காரங்க. யாருக்கும் குனிஞ்சு பழக்கமில்ல."

"அதைத் தையல்காரன்கிட்ட சொல்லிப் பாருங்க. அவனுக்குக் காது கொஞ்சம் மந்தம்."

கெர் சிரித்துவிட்டான். எனாக்கின் ஆட்கள் ஒவ்வொருவராகப் பனியில் நழுவி வெளியேறினார்கள்.

இங்கே எனாக்கின் மூன்றாவது பெருமையையும் சொல்லியாக வேண்டும். கையெழுத்து விழும்வரை பட்டியல் சரியாக இருக்க வேண்டும். விழுந்த பிறகு கைக்கு அகப்பட்டது நமக்கு. "அடுத்து வர்றவனுக்குப் பேனைத் தவிர எதையும் விட்டு வைக்காதீங்கடா" என்று அவனேதான் ஆட்களுக்குப் பாடம் எடுத்திருந்தான். எல்லாப் படையும் செய்கிற திருட்டுத்தான், இவர்கள் அதில் கொஞ்சம் கெட்டிக்காரர்கள்.

இரண்டு மைல் பின்னால், இடிந்த பண்ணைவீட்டு முற்றத்தில், சேத் ஆக்டன் அடுப்பு மூட்டி டீ போட்டான். நாற்பது வயசுக்காரன், நனைந்த விறகிலும் தீ மூட்டுவான். அன்றைக்கு அவன் அடுப்பு ரொம்ப நன்றாகவே எரிந்தது.

"காஞ்ச கட்டை எங்கடா கிடைச்சுது?" என்று கேட்டபடியே எனாக் குவளையை வாங்கினான்.

"கடைசியா வந்தவன் நான்தானே சார்ஜென்ட். வர்ற வழியில புடுங்கிட்டு வந்தேன். நீங்க சொல்லிக் குடுத்ததுதான்."

எனாக் குனிந்து பார்த்தான். பலகையின் பாதியைத் தீ தின்றிருந்தது. மீதிப் பாதியில் அவன் கைப்படத் தார் தொட்டு எழுதிய எழுத்து இருந்தது. 'தையல்காரன் கடை, குனிந்து போ' என்பதில் 'குனிந்து போ' மட்டும் மிச்சம்.

பலகை போனதுகூடப் பெரிதில்லை. பலகை இல்லாத இடத்தில் ராஜா மாதிரி நடக்கச் சொன்னவன் அவன். அவன் பேரை நம்பிக் கையெழுத்துப் போட்ட மனுஷன் அப்படியே நடப்பான்.

அண்ணாந்து பார்த்தான். பனி கலையத் தொடங்கியிருந்தது. பனி இருக்கும்வரை தையல்காரனுக்குக் கண் தெரியாது. வெயில் வந்தால் கடை திறந்துவிடுவான்.

எரியும் பலகையை வெறும் கையால் இழுத்துச் சேற்றில் தேய்த்தான். "அதிகாரி கேட்டா கக்கூஸுக்குப் போயிருக்கேன்னு சொல்லு."

"பலகையோடயா?" என்றான் ஆக்டன். விஷயம் இன்னும் அவன் மண்டையில் ஏறவில்லை. ஏறியபோது அவன் முகம் வெளுத்துப்போனது. அதைப் பார்க்க எனாக் அங்கே இல்லை.

ஓல்டாம் ரோடு என்று அவர்கள் பேர் வைத்திருந்த வளைந்து வளைந்து போகும் வாய்க்கால் வழியாக ஓடினான். எதிரே சாப்பாட்டுப் பாத்திரங்களோடு வந்தவர்களை இடித்துத் தள்ளினான், திட்டை வாங்கிக்கொண்டான். பாதி வழியில் தன் நிழல் தரையில் விழுவதைக் கண்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் வெயிலைச் சபித்தான்.

முன்குழிக்குள் நுழைந்தபோது, இருபது தப்படி தள்ளி, வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து லாக்லன் கெர் வந்துகொண்டிருந்தான். கைகளைப் பின்னால் கட்டியிருந்தான். இவன் சொல்லிக் கொடுத்த மாதிரியே நிமிர்ந்த நடை. மேடு தாழ்ந்த இடத்துக்கு இரண்டு தப்படிதான் பாக்கி.

'நில்' என்றால் நிற்க மாட்டான். வேறு படைக்காரன் சொல்லி அவன் எதற்கு நிற்க வேண்டும்? பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரென்று பார்க்க இன்னும் ஒரு விரல்கடை நிமிர்வான். எந்தப் படைக்காரனையும் யோசிக்கவிடாமல் தரையில் தள்ளுகிற சொல் ஒன்றுதான் இருந்தது. இரண்டு வருஷமாகக் கட்டிக் காத்த பேரை எனாக் ஒரே மூச்சில் செலவழித்தான்.

"மின்னி வர்றா!"

குழி மொத்தமும் விழுந்தது. கெர் நெடுஞ்சாண்கிடையாகச் சேற்றில் விழ, அதே நொடியில் பின்சுவர் மூட்டை 'டப்'பென்று வெடித்து மணல் அவன் முதுகில் கொட்டியது.

அப்புறம் ஒரே அமைதி. குண்டு எதுவும் வரவில்லை.

"எங்கடா மின்னி?" கெர் வாயிலிருந்த சேற்றைத் துப்பினான். "பொய்யாக் கத்தினியா? உன்னை விசாரணையில நிறுத்தாம விட மாட்டேன்."

"நிறுத்துங்க. எந்திரிக்காம அப்படியே தவழ்ந்து வாங்க, வந்து நிறுத்துங்க." எனாக் பின்சுவரைக் காட்டினான். மூட்டையில் புது ஓட்டை. ஆறு அடி மூன்று அங்குல ஆள் நடந்துவந்தால் காது இருக்கும் உயரம்.

கெர் வெகுநேரம் அதையே பார்த்தான். தவழ்ந்து வந்தான். எனாக்கின் கையிலிருந்த கருகிய பலகையையும் கொப்பளித்திருந்த விரல்களையும் பார்த்தான்.

"யாரு புடுங்கினது?"

ஆக்டனின் பேர் நாக்கு நுனிவரை வந்தது. "நான்தான்" என்றான் எனாக். அது பொய்யில்லை என்றே அவனுக்குத் தோன்றியது.

கெர் பலகையை வாங்கித் தானே நட்டு, துப்பாக்கிக் கட்டையால் அடித்து இறுக்கினான். "கடைப் பேரு எரிஞ்சு போச்சே."

"வியாபாரம் நடக்கறவரைக்கும் பேரு எதுக்கு?"

எனாக் திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது. "ஓய் தறிக்காரா. குனிஞ்சு போ."

அதற்கப்புறம் இரண்டு படையும் எங்கே சந்தித்துப் பிரிந்தாலும் போய் வருகிறேன் என்று சொல்வதில்லை. குனிஞ்சு போ என்பதுதான் பேச்சு. விசாரணை நடக்கவில்லை. எனாக்கின் ஆட்களும் அதற்குப் பிறகு பலகையைத் தொட்டதில்லை, மற்றதையெல்லாம் தாராளமாகத் திருடினார்கள்.

போர் முடிந்து எனாக் தறிக்குத் திரும்பினான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஸ்காட்லாந்திலிருந்து ஒரு அட்டை வரும். அதில் இரண்டே வார்த்தைதான் இருக்கும். 1927இல் வந்த அட்டையில் மட்டும் எழுத்து கோணல்மாணலாக, பெரிது பெரிதாக இருந்தது.

'அப்பா விரலில் கட்டுப் போட்டிருக்கிறார். அவர் சொல்ல நான் எழுதுகிறேன். எனக்கு ஏழு வயது. குனிந்து போங்கள். இப்படிக்கு ஐலா கெர்.'

அவன் மனைவி ஹானா தோளுக்கு மேலே எட்டிப் படித்தாள். "யாருங்க இந்தப் பொண்ணு?"

எனாக் அந்தக் கோணல் எழுத்தை விரலால் தடவினான். கண் கலங்கியதை மறைக்கவில்லை.

"அன்னிக்குத் தப்பிச்ச கெர்ரோட பொண்ணு. நான் ஒரே ஒரு தடவை பொய்யாக் கத்தினேன்னு சொல்லியிருக்கேனில்ல," என்றான். "அந்தப் பொய்க்கு ஏழு வயசாகுது, ஹானா. எழுதப் படிக்கத் தெரிஞ்சிருக்கு பாரு."