ஒப்புதல் தருபவர்

காலை எட்டு மணிக்கும் படிவம் மேசைமேலேயே கிடந்தது. மூன்று நாளாக அங்கேதான் கிடக்கிறது. பத்து மணிக்குக் கம்பெனி வண்டி வந்துவிடும். கணவர் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். மனைவி கதவோரம் நின்று பார்த்தாள். ஒரு கையெழுத்துப் போட அரை நிமிடம் ஆகுமா? அதைக் கேட்டால் இன்னும் மூன்று நாள் ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

அவர் மோசமானவர் இல்லை. கம்பெனியில் லாரி ஓட்டுகிறார், குடிப்பதில்லை, குரலை உயர்த்துவதும் அபூர்வம். ஆனால் வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெதிலும் அவர் கையெழுத்தை இதுவரை யாரும் கேட்டதில்லை. இப்போது கேட்டுவிட்டார்கள். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவர் சட்டைப்பையில் பேனாவைச் செருகிக்கொண்டு அலைந்தார்.

விஷயம் இதுதான். தெருவின் பொதுக்கிணற்றுக்குக் கம்பெனி தன் சமூகப் பொறுப்புத் திட்டத்தில் சூரிய ஒளியில் ஓடும் பம்பு ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தது. திறப்பு விழா பிரமாதம். பம்பு நாற்பது நாள் ஓடியது, பிறகு படுத்துவிட்டது. டவுனிலிருந்து மெக்கானிக் வரப் பத்து நாள் ஆகும். அவர் போன மறுவாரமே அது மறுபடி படுக்கும். பம்புக்காகக் கிணற்றின் வாயையும் மூடிவிட்டதால், நடுவில் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு மைல்கணக்கில் நடப்பார்கள். பொறுக்கமாட்டாமல் இவள் ஒருநாள் இணைப்புப் பெட்டியைத் திறந்து, எறும்புகள் குடியேறியிருந்த இடத்தைத் துடைத்து, தளர்ந்திருந்த வயரை இறுக்கினாள். தண்ணீர் வந்துவிட்டது.

செய்தி கம்பெனிக்குப் போயிற்று. இனிப் பெண்களுக்கே பழுதுபார்க்கும் பயிற்சி, இந்தத் தெருவுக்கு முதல் ஆள் இவள், டவுனில் பன்னிரண்டு நாள், முடித்தால் பம்பு இவள் பொறுப்பு, மாதச் சம்பளமும் உண்டு என்றார்கள். அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

‘பெண்கள் சொந்தக் காலில் நிற்க’ என்று தலைப்புப் போட்ட அந்தப் படிவத்தின் அடியில்தான் அந்தக் கட்டம் இருந்தது. ஒப்புதல் தருபவர்: கணவர், தந்தை, சகோதரன் அல்லது மகன்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே. முதல் நாள், யோசிக்கவேண்டும் என்றார். இரண்டாம் நாள், பன்னிரண்டு நாளும் யார் சமைப்பது என்று கேட்டார். உலை வைக்க எனக்குக் கையில்லையா என்று கேட்டு மாமியார் மகனின் வாயை அடைத்தாள். மூன்றாம் நாள் காரணம் எதுவும் மிச்சமில்லாததால் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, வண்டி வர்ற நேரம்," என்றாள் மனைவி.

"வரட்டும். அவங்க முன்னாடியே போடறேன். யாரு அனுப்பறாங்கன்னு நாலு பேருக்குத் தெரியட்டுமே."

வண்டி வந்தது. திட்டத்தைக் கவனிக்கும் மேடமும் ஒரு போட்டோக்காரரும் இறங்கினார்கள். கணவருக்குக் கிணற்றடியில் நாற்காலி போட்டார்கள். மனைவியைப் பின்னால் நிற்கச் சொன்னார்கள், கொஞ்சம் நன்றியோடு பார்க்கவும் சொன்னார்கள். ‘மனைவிக்கு வழிவிட்ட கணவர்’ என்று ஆண்டு மலரில் வரப்போகிறது என்று மேடம் சொன்னதும் அவர் இன்னொருமுறை தலைவாரிக்கொண்டார். பேனாவைக் காகிதத்தின்மேல் பிடித்தார். வெளிச்சம் போதவில்லை என்றார் போட்டோக்காரர். மறுபடி பிடித்தார். நிழல் விழுகிறது என்றார். மூன்றாவது முறை பிடித்தபோது மனைவி வாயைத் திறந்தாள்.

"மேடம், போன மாசம் இவரு கம்பெனி லோடு ஏத்திக்கிட்டுப் பதினஞ்சு நாள் வெளியூர் போனாரு. எங்கிட்ட யாரும் கையெழுத்து வாங்கலையே?"

"அது வேலைம்மா."

"இதுவும் வேலைதானே மேடம்?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மேடம் போட்டோக்காரரைப் பார்த்தாள், அவர் வானத்தைப் பார்த்தார். தலைமை அலுவலகம் அச்சடித்து அனுப்புவது, தன் கையில் எதுவுமில்லை என்று மேடம் சமாதானம் சொன்னாள். பாவம், அதுவும் உண்மைதான்.

"நீங்க இந்த வேலைக்கு வர்றப்போ உங்களுக்கு யாரு கையெழுத்துப் போட்டாங்க?"

"அப்பா," என்றாள் மேடம், வேறு யார் காதிலும் விழாதபடி.

மனைவி அதற்குமேல் கேட்கவில்லை. போட்டோவுக்காக அசையாமலிருந்த கணவரின் விரலிலிருந்து பேனாவை எடுத்தாள். கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். உறவுமுறை என்ற இடத்தில் ‘நானே’ என்று எழுதினாள். போட்டோக்காரர் அதைப் படம் எடுக்கவில்லை.

"அப்ப நான் எதுக்குடி இங்க உக்காந்திருக்கேன்?" என்றார் கணவர்.

"எந்திரிச்சீங்கன்னா நாற்காலிய உள்ள வச்சிடலாங்க."

படிவத்தைத் தலைமை அலுவலகம் ஏற்றுக்கொண்டது. கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறவர்கள் அவர்கள். இத்தனைக்கும் பிறகு அவள் பயிற்சிக்குப் போனாள், ஸ்பேனரும் கையுமாகத் திரும்பினாள். பம்பு இப்போதும் அவ்வப்போது படுக்கிறது. ஒரு மணி நேரத்தில் எழுப்பிவிடுகிறாள். இந்தக் கட்டம் காலியாக இருந்ததற்காக மற்ற ஊர்களில் எத்தனை பேர் வீட்டோடு நின்றுபோனார்களோ என்று நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அடுத்த பயிற்சிக்குள் மேடம் தலைமை அலுவலகத்தோடு சண்டை போட்டிருக்கிறாள். அவர்கள் நான்கு கூட்டம் கூட்டி, நன்றாக ஆலோசித்து, படிவத்தைத் திருத்தினார்கள். கணவர், தந்தை, சகோதரன், மகன் எல்லாரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அடியில் புதிதாக ஒரு வரி: ‘மேற்கண்ட எவரும் உயிருடன் இல்லாத பட்சத்தில் மட்டும் – நானே.’ அதை விநியோகித்தபோது மேடம் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அந்தத் தெருவில் பதினோரு பெண்கள் படிவம் நிரப்பினார்கள். பதினோரு பேரும் கடைசி வரியிலேயே டிக் அடித்தார்கள். பதினோரு கணவர்களும் அப்போது கிணற்றடியில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.