இருவர் கடித்த ரப்பர்

என் கணவர் குடித்தனம் நடத்துவது என்னோடு, கொஞ்சுவது ஒரு பழைய ரெகுலேட்டரை. தண்ணீருக்கடியில் மூச்சுவிட உதவும் கருவி அது. முதுகுச் சிலிண்டரில் மாட்ட ஒரு பித்தளை டப்பா, அதிலிருந்து கழுத்தின் இருபுறமும் வரும் நெளிநெளியான குழாய்கள், நடுவே பல்லால் கவ்விக்கொள்ள ரப்பரில் ஒரு வாய்ப்பிடி. ஸ்கூபா முழுகல் சொல்லித்தரும் அவர் வேலையில் புதுக் கருவிகளுக்கா பஞ்சம்? அதெல்லாம் வெறும் பிளாஸ்டிக்காம்.

"இதுல குமிழியெல்லாம் தலைக்குப் பின்னாடி போயிடும். மூஞ்சிக்கு நேரா மீன் வந்து நின்னு பாக்கும்," என்பார். என் மூஞ்சியை நீங்கள் நின்று பார்த்து எவ்வளவு நாளாச்சு என்று கேட்க வாய்வரை வரும். விழுங்கிக்கொள்வேன்.

அந்த வாய்ப்பிடி கிழிந்துபோனது. பழைய கருவிக்காரர்கள் எல்லாரும் தண்ணீர் நிறைந்த ஒரு கல்குவாரியில் கூடி முழுகும் நாள் நெருங்கிவிட்டது. நேராக என் லேபுக்கே வந்துவிட்டார். நான் பல் செட் செய்கிறவள்.

"சிலிக்கான்ல இதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடேன். அச்சு அசலா இருக்கணும்."

விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தேன். ரப்பரில் இரண்டு கடித்தடங்கள். ஒன்று அவருடையது, அந்த முனை உடைந்த பல்லை எனக்குத் தெரியாதா? இன்னொன்று குறுகலான தாடை, நெருக்கமான சின்னப் பற்கள்.

"இது யாரோடது?"

"சுறாவோடது," என்றார், உப்பு டப்பா எங்கே என்று கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி. "அப்பல்லாம் ஒருத்தருக்குக் காத்து தீந்துட்டா இன்னொருத்தர் வாய்ப்பிடியத்தான் மாத்தி மாத்திக் கடிச்சு இழுக்கணும். ரெண்டு பேரும் தினம் பழகுவோம்."

சுறா என்பது பட்டப்பெயர், அவருடைய பழைய முழுகல் ஜோடி. வீட்டுக்கு வந்தால் என்னை வாய் நிறைய அண்ணி என்பாள். ஆனால் அவரை ஒருநாளும் அண்ணா என்று கூப்பிட்டதில்லை, மாஸ்டர்தான். எனக்கு வயிறு எரிந்தது. தினமாம், மாற்றி மாற்றியாம்.

அச்சு அசலாகச் செய்யவில்லை. அவர் தாடைக்கு மட்டும், அவர் பல்லுக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி செய்தேன். கையில் வாங்கிக் கடித்துப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, என்னமா உக்காருது," என்றார். உட்காராமல் என்ன?

குவாரிக்கு நானும் போயிருந்தேன். அங்கே ஒரு விதி உண்டு. பழைய கருவியோடு இறங்குகிற ஜோடி, கரையிலேயே ஒரே வாய்ப்பிடியில் மாறி மாறி மூச்சு வாங்கிக் காட்டவேண்டும். அவர் இழுத்தார். சுறாவிடம் கொடுத்தார். அவள் கவ்வினாள், நழுவியது. மறுபடி கவ்வினாள், மறுபடியும் நழுவியது. மேற்பார்வைக்காரர் தலையை ஆட்டினார்.

"நீங்க ரெண்டு பேரும் இன்னைக்கு இறங்க வேணாம்."

என் கணவர் வாய்ப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது, பயமாகவும் இருந்தது.

அவர் சிலிண்டரைக் கழற்றுவதற்குள் சுறா என் கையைப் பிடித்துக் காருக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"அண்ணி, இதுல உங்க தப்பு ஒண்ணுமில்ல. பழைய ரப்பரா இருந்தாலும் நின்னிருக்காது." கட்டைவிரலால் நெம்பி மேல் பல் செட்டைக் கழற்றிக் காட்டினாள். கன்னம் ஒட்டிப்போனது. சட்டென்று மாட்டிக்கொண்டாள். "மேல கீழ எல்லாமே போச்சு. எதக் கடிச்சாலும் ஆடுது."

ஒருவர் சிரித்தாலே செட்டா சொந்தப் பல்லா என்று சொல்லிவிடுகிறவள் நான். இவளிடம் கோட்டை விட்டிருக்கிறேன். இவள் வந்தால் நான் எங்கே இவளைப் பார்த்தேன்? அவர் பார்வை எங்கே போகிறது என்றுதானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாவமாகத்தான் இருந்தது. அப்போது அவள் குரலைத் தாழ்த்தி, "மாஸ்டருக்கு மட்டும் தெரிய வேணாம் அண்ணி," என்றாள்.

பாவம் அந்த இடத்தோடு போயிற்று. செட் வாங்க வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவார்கள். யாராவது ஒருவரிடமிருந்து மட்டும் மறைப்பார்கள் என்றால், அவர் யாராக இருப்பார் என்று எனக்குத் தெரியும்.

அவள் போனதும் அவர் வந்தார். கையில் வாய்ப்பிடி.

"வேணும்னுதான் இப்படிச் செஞ்சியா?"

சுறாவுக்குப் பல்லே இல்லீங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் தப்பித்தேன். ஆனால் அடுத்து அவர் முகம் என்ன ஆகும் என்பதும் தெரியும். கரைந்துவிடுவார். எப்ப ஆச்சு, வலிக்குதா, ஏன் சொல்லல என்று அவளிடம் ஓடுவார்.

"ஆமாங்க, வேணும்னுதான்," என்றேன்.

வீடு வரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். அந்தக் கோபம் முழுக்க எனக்கு. அதில் அவளுக்குப் பங்கு கிடையாது.