மிதிப்பதா, திருகுவதா?

1

இந்தக் கதை எனக்கு ஒரு சைக்கிள் கடையில் கிடைத்தது. முதன்முதலாக ஒரு மின் சைக்கிள் வாங்கலாம் என்று போயிருந்தேன். பெடல் அசிஸ்ட் என்றால் என்ன, த்ராட்டில் என்றால் என்ன என்று கடைக்காரம்மா விளக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ஒரு அக்காவும் தம்பியும் அதே விஷயத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு ஆளுக்கொரு சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். அவர்கள் திரும்பி வருவதற்குள் நான் போக வேண்டியதாகிவிட்டது. அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சைக்கிளும் வாங்கவில்லை. எழுதித் தொலைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "இதயம் என்பதும் ஒரு மோட்டார்தான், அதற்கும்

(வேண்டாம். எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

இரண்டாம் தொடக்கம்: "மழை விட்டிருந்த ஒரு காலையில், கடை வாசலில்

(மழை பெய்யவே இல்லை. எதற்கு இந்த மழை?)

நேராகச் சொல்லிவிடுகிறேன். இனி வருவதில் பாதி காதில் விழுந்தது, மீதி நான் கட்டியது.

2

தெரிந்தவர்கள் அவளைப் 'பல்செட் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்துகொடுக்கும் கூடத்தில் வேலை. மெழுகில் ஈறு செதுக்கி, பல் பதித்து, தேய்த்து மெருகேற்றுவாள். யார் சிரித்தாலும் முதலில் பல்லைத்தான் பார்ப்பாள், அப்புறம்தான் ஆளை. போன வருடம் அந்த மேஜையிலேயே சரிந்து விழுந்தாள். இதயத்தில் ஆபரேஷன் நடந்தது. இப்போது தேறிவிட்டாள். சைக்கிள் மிதிக்கலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் வேலைக்கூடம் இருப்பது ஒரு மேட்டின் உச்சியில்.

தம்பி பஸ் டிரைவர். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டவன். அன்றிலிருந்து அக்கா ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கினாலும் அவனுக்குப் பகீரென்னும்.

"த்ராட்டில் வண்டியே எடுக்கா. கைப்பிடிய லேசா திருகினா போதும், கால ஆட்டவே வேண்டாம். சோபால உக்காந்த மாதிரி போயிடலாம்."

"சோபாலதான்டா இத்தன நாளா உக்காந்திருக்கேன்."

கடைக்காரம்மா நடுவில் புகுந்தார். "அசிஸ்ட் வண்டில நீங்க மிதிச்சாத்தான் மோட்டார் ஓடும். ஒண்ணுல வச்சா லேசா உதவும், அஞ்சுல வச்சா நல்லா தள்ளும். அதுலயும் ரெண்டு விதம் இருக்குங்க. ஒண்ணு, பெடல் சுத்துதான்னு மட்டும் பார்க்கும். இன்னொண்ணு, நீங்க எவ்வளவு அழுத்துறீங்கன்னு பார்த்து அதுக்கேத்த மாதிரி கூட்டிக் கொடுக்கும்."

முதல் வகையை அக்கா அஞ்சில் வைத்து மிதித்தாள். யாரோ பின்னாலிருந்து பிடித்துத் தள்ளியதுபோல வண்டி பாய்ந்து, அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளில் போய் முட்டியது. தம்பி ஓடி வந்தான்.

"பாத்தியா! நான் சொல்லல?"

அவளுக்கு வந்தது பயமல்ல, எரிச்சல். "இது என்னக் கேக்காமலே போகுதுடா."

இரண்டாவது வகையில் ஏறினாள். இதில் அவள் மெதுவாக அழுத்தினால் வண்டியும் மெதுவாக நகர்ந்தது. ஊன்றி அழுத்தினால் அவளுடைய பலமே கொஞ்சம் பெரிதாகிக் காலுக்கு வந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் உடம்பு சொன்ன பேச்சைக் கேட்டது. ஒரு வட்டம் அடித்துவிட்டு வந்து இறங்க மனமில்லாமல் நின்றாள்.

3

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். முதல் வரைவில் தம்பியை வில்லனாக்கியிருந்தேன். அக்காவை வீட்டுக்குள் பூட்டப் பார்க்கும் ஆள். அப்படி எழுதினால் கதை வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் கடையில் அவன் முகத்தைப் பார்த்தவன் நான். ஐசியூ கண்ணாடிக்கு வெளியே நின்று, திரையில் ஓடும் கோட்டை விட்டுக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவனின் முகம் அது. அவனை எப்படி வில்லனாக்குவது? மொத்தத்தையும் அடித்துவிட்டேன்.

(எனக்கும் த்ராட்டில்தான் பிடித்திருந்தது. என் காரணம் சுத்த சோம்பேறித்தனம்.)

4

"ரெண்டு வண்டியும் அந்த மேட்டுல ஏறட்டும், அப்புறம் பேசுவோம்" என்றாள் அக்கா. அவள் அசிஸ்ட் வண்டியில் முன்னால் போனாள். அவன் த்ராட்டிலை முழுக்கத் திருகியபடி பின்னால் வந்தான்.

"பேசிக்கிட்டே வாக்கா! பேச முடியலன்னா நிறுத்தணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு!"

"என்னத்தடா பேச?"

"எதையாவது. திட்டு, பரவால்ல."

திட்டினாள். அவன் வாங்கிவந்த அழுகல் தக்காளியில் தொடங்கி, மனைவி போன் செய்தால் எடுக்காதது வரைக்கும் போனாள். மூச்சு வாங்கியது, ஆனால் ஒரு சொல்லும் அறுபடவில்லை.

பாதி மேட்டில் தம்பியின் வண்டி மோட்டார் நின்றது. (கடையில் பலர் ஓட்டிப் பார்த்த வண்டி. சார்ஜ் குறைவாகத்தான் இருந்திருக்கும்.) அக்கா முன்னால் இறங்கித் தள்ளுவதற்கு மானம் இடம் கொடுக்கவில்லை. மோட்டார் உதவாத அந்தக் கனத்த வண்டியை மிதிக்கத் தொடங்கினான்.

தன் திட்டுக்குப் பதிலே வரவில்லை என்று கொஞ்ச தூரம் போன பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது. திரும்பினாள். வண்டி தெருவோரம் கிடந்தது. அவன் ஒரு மதிலைப் பிடித்தபடி நின்றான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

கீழே வந்தாள். "என்னடா?"

"ஒண்ணுமில்லக்கா."

அந்தச் சொல்லை அவளுக்கு நன்றாகத் தெரியும். மேஜையில் விழுவதற்கு முன்னால் கேட்டவர்களுக்கெல்லாம் அவளும் அதையேதான் சொன்னாள்.

"அப்பாவுக்கும் இதே நெஞ்சு, எனக்கும் இதே நெஞ்சு. நீயும் ஒரு தடவ பாத்துக்கடான்னு எத்தன வாட்டி சொன்னேன்?"

"எனக்கென்ன… நீ நல்லாருந்தா போதும்னு…"

முடிக்கவில்லை. பூட்டியிருந்த ஒரு கடையின் படியில் அவனை உட்காரவைத்து, அவன் மணிக்கட்டில் விரல் வைத்தாள். தன் நெஞ்சைப் பற்றி அவள் நினைக்காத முதல் நிமிடம் அதுதான்.

5

முடிவுகள் என்னிடம் இருக்கின்றன. ஒன்றில், அது உடற்பயிற்சி இல்லாத உடம்பின் மூச்சிரைப்பு மட்டும்தான். இருவரும் சிரித்து, வண்டிகளைத் தள்ளிக்கொண்டு இறங்குகிறார்கள். இன்னொன்றில் ஆம்புலன்ஸ் வருகிறது, அடைப்பு சரியான நேரத்தில் தெரிந்துவிடுகிறது, எல்லோரும் அந்தச் சைக்கிளுக்கு நன்றி சொல்கிறார்கள். மூன்றாவதை இப்படித் தொடங்கினேன்: "நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவன்

இல்லை. எழுத மாட்டேன்.

உங்களுக்கும் கூடப்பிறந்தவர் யாராவது இருப்பார். எது நடக்கும் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அதுவரைக்குமானதை மட்டும் தருகிறேன்.

"இப்ப நீ பேசுடா."

"என்னத்த பேச?"

"உன் ரூட்ல இருக்குற ஸ்டாப்பெல்லாம் வரிசையா சொல்லு."

"டெப்போ… பெரிய ஸ்கூல்… மார்க்கெட்…"

"ம்."

"இரு… சொல்றேன்."

ஒரு கையை நாடியிலிருந்து எடுக்காமல், மறு கையால் அவள் போனைத் தேடினாள்.

"அப்புறம்டா?"