சிவப்பு மைக் கோடு

சனிக்கிழமை மத்தியானம் அம்மாவின் சமையலறைக்குள் நுழைந்த ஹிலரி, கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கைப்பையில் ஒரு தாள். கொடுக்கத்தான் வந்தாள், மனம்தான் வரவில்லை.

மறுநாள் அன்னையர் ஞாயிறு. தேவாலயத்தில் ஆளுக்கொரு பூங்கொத்து கொடுப்பார்கள். அம்மா டோரீன் மட்டும் வருஷா வருஷம் இன்னொன்றைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு வருவாள். ஒன்று அவளுடைய அம்மா நெல்லியின் கல்லறைக்கு. மற்றது, மதிலோரம் பெயர்க்கல் இல்லாத புல்மேட்டுக்கு. அங்கே கிடப்பவள் சலவைக்காரி கெஸையா. நெல்லி இருந்தவரை அவளுக்குப் பூ வைத்தாள், அதனால் டோரீனும் வைக்கிறாள். ஏனென்று நெல்லி வாய் திறந்ததில்லை. எண்பத்தேழு வயதில் டோரீனுக்கு ஒன்றே ஒன்று தெரியவேண்டியிருந்தது: தன் அம்மா நெல்லியைப் பெற்றவள் யார்? அதற்காக ஹிலரி மூன்று வருஷம் பதிவேடுகளோடு மல்லுக்கட்டியிருந்தாள்.

"என்னடி, முழியே சரியில்ல? நான் என்ன, கொள்ளைக்காரி பேத்தியா?"

"இல்லம்மா. நெல்லிப் பாட்டி ஏழைகள் விடுதிலேர்ந்து வளக்கக் குடுத்த பிள்ளை. பெத்தவ பேர் இருக்க வேண்டிய எடம் காலியா கெடக்கு. இனிமே தேட எடமில்லம்மா."

டோரீன் தேநீரில் முக்கிய பிஸ்கட் உடைந்து உள்ளே விழுந்தது. அவள் கவனிக்கவில்லை. ஹிலரி கைப்பையைத் திறந்து மறுபடி மூடினாள்.

"பையில என்ன காகிதம்?"

ஹிலரி எடுத்து நீட்டினாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றாம் வருஷ மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவம். வீட்டுக்காரர்கள் தங்கள் கையாலேயே நிரப்பிக் கொடுத்தது. கெஸையா, வயது ஐம்பத்திரண்டு, மணமாகாதவள். அடுத்த வரியில் நெல்லி, வயது மூன்று. உறவு: மகள். அதிகாரி அதைச் சிவப்பு மையால் அடித்து, 'வளர்ப்புக்கு விடப்பட்டவள்' என்று திருத்தியிருந்தார். பெற்ற பிள்ளைகள் எத்தனை என்ற கட்டம் மணமானவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் காலியாக விடவேண்டும். கெஸையா விடவில்லை. ஒன்று, உயிரோடிருப்பது ஒன்று என்று அழுத்தி எழுதியிருந்தாள். அதன்மேலும் சிவப்புக் கோடு.

டோரீன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள்.

"அடிப்பாவி! கல்யாணமாகாதவ, ராஜாவுக்குப் போற காகிதத்துல இப்படி எழுதினா ஊரு என்ன பேசியிருக்கும்? பெறாத பிள்ளைக்காகப் பழியத் தூக்கித் தலைல போட்டுக்கிட்டாளே!" குரல் உடைந்தது. "எங்கம்மா பசியில்லாம வளந்தா. அதனாலதான நான் இருக்கேன், நீ இருக்க."

"அப்ப உனக்கு வருத்தமில்லையாம்மா?"

"எதுக்குடி? இத்தனை வருஷமும் பூ சரியான எடத்துக்குத்தான் போயிருக்கு."

ஹிலரி அப்போதுதான் கோட்டைக் கழற்றினாள். மூன்று வருஷம் வீண் போகவில்லை என்ற நிம்மதியில் இன்னொரு கோப்பைத் தேநீர் ஊற்றிக்கொண்டாள்.

மறுநாள் வழிபாடு முடிந்ததும் டோரீன் பாதிரியார் முன்னால் போய் நின்று, கூட்டம் கேட்க, "எனக்கு ரெண்டு வேணும். ஒண்ணு எங்க பாட்டிக்கு" என்றாள்.

வெளியே மழை விட்டிருந்தது. வழக்கம்போல ஹிலரி முதலில் நெல்லியின் கல்லறைப் பக்கம் திரும்பினாள். டோரீன் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ரெண்டையும் மதிலோரம் வை. இன்னைக்கு எங்கம்மா அங்கதான் போயிருப்பா, அவ அம்மாவப் பாக்க."

ஈரப் புல்லில் ஹிலரி மண்டியிட்டு, பெரிய கொத்தை ஒட்டிச் சின்னதை வைத்தாள். காற்றில் அது சாய்ந்து பெரியதன்மேல் தலை வைத்துக்கொண்டது. நிமிர்த்தி வைக்க அவள் கை நீட்டினாள்.

"விடு," என்றாள் டோரீன்.