ஏறாத போதை

ஸ்டீபனுக்குக் காலை டீயை அவன் மனைவி ஜெனிபர் பாதி டம்ளர்தான் ஊற்றுவாள். அதற்கு மேல் ஊற்றினால் கை நடுக்கத்தில் சட்டையெல்லாம் கொட்டிக்கொள்வான். அன்று அந்தப் பாதியும் கொட்டியது. துணியை எடுத்துத் துடைத்தாள். கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமல்லவா?

செஞ்சியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை மூட்டை தூக்கிப் பிழைத்தவன் ஸ்டீபன். குடியை நிறுத்த இரண்டு முறை சிகிச்சைக்குப் போனான். இரண்டு முறையும் மாதம் திரும்புவதற்குள் மறுபடி குடித்தான். மூன்றாம் முறையாக அவனை அழைத்துப்போக, தம்பி பெலிக்ஸ் வல்லத்திலிருந்து லோடு ஆட்டோவில் வந்திருந்தான்.

"ஏன் அண்ணி இவ்ளோ அலையிற? எங்க நைனா குடிச்சே செத்தாரு. சித்தப்பாவும் அப்படித்தான். எங்க ரத்தத்துலயே இருக்குது. மாத்திரை குடுத்தா மாறிடுமா?"

"உனக்கும் அதே ரத்தம்தான பெலிக்ஸ்?"

"நான் ஞாயித்துக்கிழமை மட்டும்தான். அதுவும் எனக்கு ஏறவே ஏறாது. ஹாஃப் அடிச்சிட்டு நேரா வண்டி ஓட்டுவேன்" என்றான் பெருமையாக.

ஜெனிபர் பையை எடுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். டாக்டர் வளர்மதி குடும்பத்தில் யார் யார் குடித்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, "ஆரம்பத்துல இவருக்கு எவ்வளவு குடிச்சா போதை ஏறும்?" என்றார்.

ஜெனிபர் யோசித்தாள். "ஏறவே ஏறாது மேடம். எங்க கல்யாணத்தன்னிக்கு கூட்டாளிங்க எல்லாம் விழுந்து கெடந்தாங்க. இவருதான் ஒவ்வொருத்தரையா வீட்ல கொண்டுபோய் விட்டாரு. மாப்ள ஸ்டெடின்னு எங்கப்பாகூட சொன்னாரு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அதுதாம்மா ஆபத்து. சிலருக்குப் பொறப்புலயே போதை சீக்கிரம் தெரியாது. மத்தவங்களுக்குப் போதும்னு உடம்பே சொல்லிடும். இவங்களுக்குச் சொல்லாது. அதனால கூடக்கூடக் குடிச்சு, அடிமையாயிடுவாங்க. குடும்பத்துல வர்றதுல இதுவும் ஒண்ணு. ஆனா பரம்பரைன்னா தலையெழுத்து இல்ல. தொடாம இருந்தா அது ஒண்ணும் பண்ணாது. தொட்டவங்களும் வைத்தியம் பாத்து நிறுத்தலாம்."

கதவோரம் நின்றிருந்த பெலிக்ஸ் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். குவார்ட்டராக இருந்தது ஹாஃப் ஆகி ஒரு வருஷம் ஆகிறது. ஞாயிறோடு சனியும், இப்போது புதனும் சேர்ந்துகொண்டதை அவன் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த ஸ்டீபன் தலையைத் தூக்காமலே பேசினான். "அவனுக்கும் ஏறாது மேடம். மொதல்ல ஊத்திக் குடுத்தது நான்தான்."

பெலிக்ஸ் தன்னைவிட எட்டு வயது மூத்த அண்ணனைப் பார்த்தான். இன்னும் எட்டு வருஷத்தில் தன் கையும் இப்படித்தான் நடுங்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

"எனக்கும் ஒரு சீட்டு போடணும்னா எங்க நிக்கணும் மேடம்?" என்று கேட்டான்.

சீட்டோடு அவன் திரும்பி வந்தபோது ஜெனிபர் பெஞ்சில் அவனுக்கு இடம் விட்டாள்.

"ரத்தத்துல வந்தது யாரு தப்பும் இல்ல பெலிக்ஸ். ஆனா அதையே சாக்கா சொல்லிக் குடிக்கிறது நம்ம தப்பு. குடிக்கிற வீட்ல பொறந்தவங்க, ஒரு கிளாஸ்தானேன்னு சொல்லவே கூடாது. மத்தவங்களவிட அவங்கதான் அதிகமா பயப்படணும்."

அதையும் அவள் களைப்பாகத்தான் சொன்னாள். பெலிக்ஸ் தலையாட்டினான்.