சேற்றின்மேல் மணல்

வேறொரு ஆய்வுக்கு ஒரு சிட்டிகைச் சேறு வேண்டியிருந்தது. அதற்காகத்தான் அவள் கடலாய்வு நிலையத்தின் குளிரறைக்குப் போய் அந்தக் குழாயின் உறையைப் பிரித்தாள். ஆறு கடலில் சேரும் இடத்துக்கு எதிரே, கடலடியில் குத்தி எடுத்த சேறு. குழாயை நீளவாக்கில் பிளந்து ஒரு பாதியை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, மறுபாதியை மூடி வைத்திருந்தார்கள். யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஒவ்வொரு வெள்ளமும் கொண்டுவந்த மண்ணின் அளவை இயந்திரம் எண்களாகக் கொடுத்தது, எண்களை வைத்து அவள் கோடு போட்டாள், கோடு ஏறிக்கொண்டே போனது. ஆறு பெருத்துக்கொண்டு வருகிறது, கரையில் குடியிருப்பது ஆபத்து என்று நிலையத்தின் தலைவர் மேடைக்கு மேடை முழங்கினார்.

வெள்ளம் கொண்டுவரும் மண்ணில் கனத்த மணல் முதலில் படியும், மெல்லிய சேறு அதன்மேல் படியும். வாளியில் மண்ணைக் கரைத்து வைத்தால் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும். இந்தக் குழாயிலோ அடுக்குக்கு அடுக்கு சேற்றின்மேல் மணல் உட்கார்ந்திருந்தது. அப்படியென்றால் குழாயே தலைகீழ். மேல்முனைக்குச் சிவப்பு மூடி, அடிமுனைக்குக் கறுப்பு என்பதுதான் முறை. கப்பலில் யாரோ மாற்றிப் போட்டிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ! அலையின் ஆட்டத்தில் எல்லோரும் வாந்தியெடுத்துப் படுத்துவிட, தன் கையாலேயே மூடி போட்டதாக விருந்துக்கு விருந்து பெருமையடிப்பவர் தலைவர்தானே. இந்தக் குழாயில் வயதுகூடச் சோதிக்கவில்லை. ஆழ்கடலில் எடுத்த மற்றக் குழாய்களின் வயதுக் கணக்கை இதற்கும் அப்படியே நீட்டிவிட்டார்கள். ஆறு பெருக்கவே இல்லை. காலங்காலமாக இளைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறது.

தலைவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் மெதுவாகக் கதவைச் சாத்தினார்.

“வீடெல்லாம் இடிச்சாச்சு. இப்ப சொல்லி யாருக்கு என்ன லாபம்? மூடி வச்சிடும்மா.”

“அதுல என் அக்கா வீடும் போச்சு சார்.”

“அப்ப அவங்களுக்காகவாவது வாயைத் திறக்காதே.”

மனிதர் எவ்வளவு சுலபமாகக் கரிசனத்துக்குத் தாவிவிட்டார்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் அறைக்குப் போய், ஆறு பெருக்கிறது என்ற கட்டுரையை வெளியிட்ட இதழுக்கும் வீடுகளை இடிக்கச் சொன்ன அலுவலகத்துக்கும் உண்மையை எழுதி அனுப்பினாள். அதற்குப் பிறகுதான் அக்காவைத் தேடிப் போனாள். முதலில் வந்திருக்க வேண்டிய இடம் இது என்பது மாடிப்படி ஏறும்போதுதான் உறைத்தது.

ஆற்றங்கரையிலிருந்து கிளப்பியவர்களையெல்லாம் அடைத்து வைத்த கட்டடம் அது. ஜன்னலோரம் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டே அக்கா முழுசாகக் கேட்டாள்.

“மழை வந்தா இந்த ஜன்னல்லதான் நிப்பேன்” என்றாள். “ஆறு பொங்கி, நம்ம வீடு இருந்த இடம் முழுகணும்னு வேண்டிக்குவேன். முழுகினாத்தானே நீ சொன்னது நிஜம்னு ஆகும்.”

“அக்கா…”

“தெருவே கிளம்ப மாட்டேன்னு நின்னுச்சு. என் தங்கச்சி படிச்சவ, அவ சொன்னா சரியா இருக்கும்னு வீடு வீடாப் போய்க் கெஞ்சினவ நான். எல்லாரும் இங்கதான் இருக்காங்க. தினமும் அவங்க முகத்துல முழிக்கணும். இதை யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காதடி.”

“அனுப்பிட்டேன்க்கா.”

அக்கா கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். எழுந்து போய் வாசல்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

“எதிர்வீட்டுல இருந்து ஆரம்பி. ஒவ்வொரு கதவா நீயே தட்டிச் சொல்லு. இந்தத் தடவை நான் வர மாட்டேன்.”