ஒரு தாய்க்கு ஒரு கணவர்

எங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் ஆண்களுக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை உண்டு. சின்னதாக ஒரே ஒரு நிபந்தனைதான். ஆண் கர்ப்பமாக இருக்க வேண்டும். அது கஷ்டம் என்றால், கர்ப்பமாக இருக்கும் ஒருத்திக்குக் கணவனாகவாவது இருக்க வேண்டும்.

மேலே உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு புண்ணியவான் போட்ட ஏற்பாடு அது. பரிசோதனை கிட் ஒரு தாய்க்கு ஒன்று, அவள் கணவருக்கு ஒன்று என்று எண்ணித்தான் வரும். மற்ற ஆண்களுக்கு நோயே வராது என்று அவர் நினைத்திருக்கலாம். வந்தாலும் அரை நாள் பஸ்ஸில் குலுங்கி ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போய்த் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டிருக்கலாம்.

பரிசோதனை அறை பிரசவ வார்டுக்கு அடுத்து இருக்கிறது. ரோஜா நிறச் சுவர், தாய்ப்பால் கொடுப்பது எப்படி என்று பெரிய படம். வெளியே பெஞ்சு நிறைய என்னைப் போல வயிற்றைத் தள்ளிக்கொண்டு பெண்கள். அறையில் மின்விசிறி ஓடாது. அதனால் காற்று வருவதற்காகக் கதவுக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்து எப்போதும் திறந்தே வைத்திருப்பார்கள். பயப்பட ஒன்றும் இல்லையென்றால் சிஸ்டர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "ஒண்ணும் இல்லம்மா, கிளம்பு" என்று கத்திவிடுவார். செங்கல்லை நகர்த்திக் கதவைச் சாத்தினால் விஷயம் வேறு. பெஞ்சில் இருக்கும் எல்லோருக்கும் அது தெரியும். ரகசியத்தை இவ்வளவு பகிரங்கமாகக் காப்பாற்றும் இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மூன்றாம் மாதம் எனக்கு ஒன்றும் இல்லை என்றுதான் வந்தது. அப்போதே சிஸ்டர் சொல்லிவிட்டார்.

"அடுத்த தடவை வீட்டுக்காரரக் கூட்டிட்டு வா. அவருக்கு இருந்து இனிமே உனக்கு வந்தா, குழந்தைக்கும் போகும். முன்னாடியே தெரிஞ்சா தடுத்துடலாம்."

என் வீட்டுக்காரர் போர்வெல் லாரியில் வேலை பார்க்கிறார். ஊர் ஊராகப் போய்ப் பூமியைத் துளைத்துவிட்டு எப்போதாவது வீட்டுக்கு வருவார். எனக்கு எட்டாம் மாதம் நடக்கும்போது வந்தவர் பாதியாக இளைத்திருந்தார். வாயெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் படிந்து, தண்ணீர் விழுங்கவே முகம் சுளித்தார். மருந்துக் கடைக்காரர் உடம்புச் சூடு என்று சொல்லி ஏதோ தடவக் கொடுத்தாராம். இளைப்பதும் வாயில் இப்படிப் படிவதும் அந்த நோய்க்கு அடையாளம் என்று சிஸ்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. பிள்ளை பிறப்பதற்குள் எப்படியாவது இவருக்கு ரத்தம் பார்த்துவிட வேண்டும். வேறு எதுவும் என் மண்டையில் ஏறவில்லை.

"உனக்குத்தான் பாத்தாங்களே. ஒண்ணும் இல்லன்னாங்கல்ல? அப்புறம் எனக்கு மட்டும் எங்கேர்ந்து வரும்?" என்றார்.

"என் ரத்தம் எனக்குங்க. உங்க ரத்தம் உங்களுக்கு."

"புருஷன் பொண்டாட்டின்னா எல்லாம் ஒண்ணுதான்டி."

பாத்திரம் துலக்கும் நேரத்தில் இந்த ஒற்றுமை எங்கே போய் ஒளிந்துகொள்ளும் என்று தெரியவில்லை. இவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் தெரு ஆண்கள் அத்தனை பேரும் பெண்டாட்டி எழுதிய பரீட்சையில் பாஸ் ஆனவர்கள்தான். டீக்கடையில் உட்கார்ந்து, "எனக்கெல்லாம் பாத்தாச்சு" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்கள். குத்து வாங்கியது யார் கை என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

ஒருமுறை ஆண்களுக்கென்றே தனியாக ஒரு வேன் வந்தது. சந்தைக்கு நடுவில் நிறுத்தி, ஒலிபெருக்கி வைத்து, "ஆண்களே, தயங்காமல் வாருங்கள், ரகசியம் காக்கப்படும்" என்று நாள் முழுக்க அலறினார்கள். சந்தையே அந்த வேனை வேடிக்கை பார்த்தது. ஏறியவர் ஒருவர்தான். அவரும் பஸ் என்று நினைத்து ஏறியவர்.

இந்த நிலைமையில்தான் என் தம்பி வந்து நின்றான். டிராக்டர் மெக்கானிக். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"அக்கா, கல்யாணத்துக்கு முன்னாடி ரத்தம் பாத்துடணும்னு போனேன். கர்ப்பிணி எங்கன்னு கேக்கறாங்க."

"உனக்கு எதுக்குடா திடீர்னு?"

அவன் கைவிரலில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். "டவுன்ல ரெண்டு வருஷம் இருந்தேன்ல. அதுக்கு மேல கேக்காதக்கா. கட்டிக்கப் போற பொண்ணு பாவம்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எங்கள் தெருவிலேயே பயப்படத் தெரிந்த ஒரே ஆம்பிளை என் வீட்டில் பிறந்தவன். அவனுக்கு இல்லாத கர்ப்பிணியா? மறுநாளே கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

"உள்ள போனதும் அக்கா நொக்கான்னு வாயைத் திறந்த, தொலைச்சுடுவேன். நீதான் என் வீட்டுக்காரர்."

"ஐயோ, மாமாவுக்குத் தெரிஞ்சா?"

"அவர் எங்க இந்தப் பக்கம் வரப் போறார்? பேசாம வா."

ஓர் ஆண் தன் காலால் நடந்து உள்ளே வந்ததைக் கண்டதும் சிஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பெஞ்சில் இருந்தவர்களைக் கை தட்டச் சொன்னார். தம்பி பயத்தில் வாயே திறக்கவில்லை. "என்ன அடக்கமான மனுஷன்! கொடுத்து வச்சவம்மா நீ" என்று என் கன்னத்தைத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து குரல் வந்தது. "ஒண்ணும் இல்லப்பா, கிளம்பு!"

தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான். இன்னும் கொஞ்ச நாளில் இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளச் சொன்னதாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். எவ்வளவு பெரிய முட்டாள்தனம் செய்திருக்கிறேன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த வாரம் வீட்டுக்காரருக்கு விழுங்கவே முடியாமல் போனது. பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கலாம், புருஷனையும் உள்ளே விடுகிறார்கள் என்று ஆசை காட்டி அவரை இழுத்துக்கொண்டு போனேன். பெஞ்சு நிறையப் பெண்களைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! செங்கல்லைத் தாண்டி உள்ளே தள்ளிவிட்டு, "சிஸ்டர், இவருக்கு ரத்தம் பாக்கணும்" என்றேன்.

சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். "கூட யாரும்மா, அண்ணனா?"

"இல்ல சிஸ்டர், வந்து..."

"அண்ணன் தம்பிக்கெல்லாம் பாக்க முடியாதும்மா. உன் வீட்டுக்காரருக்குத்தான் போன வாரமே பாத்தாச்சே. ஒண்ணும் இல்லன்னும் வந்துடுச்சு."

தலை சீவிக்கொண்டு வாசலில் நின்றாலே, "எவனுக்காகடி இந்த அலங்காரம்" என்று கேட்கிற மனுஷன். பெண்டாட்டி எவனையோ புருஷன் என்று கூட்டி வந்திருக்கிறாள் என்று காதாரக் கேட்டுவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு, கன்னத்தில் விழப்போகும் அறைக்காகக் காத்திருந்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். சிஸ்டரைப் பார்த்தார். மேசையில் இருந்த ஊசியைப் பார்த்தார். பிறகு அவர் முகம் மெல்லத் தெளிந்தது.

"ஆமா சிஸ்டர். நான் அண்ணன்தான். சும்மா துணைக்கு வந்தேன்" என்று சொல்லி வாசல் பக்கம் திரும்பினார்.

என் தம்பி எனக்குப் புருஷன் ஆனான். என் புருஷன் எனக்கு அண்ணன் ஆகிவிட்டார். வந்தவன் யார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எவன் வந்தால் என்ன, ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது அல்லவா? அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. வாசலை மறித்து நின்றேன். எட்டு மாத வயிற்றைத் தாண்டி அந்த வாசலில் ஓர் எலிகூடப் போக முடியாது.

"சிஸ்டர், போன வாரம் வந்தது என் தம்பி. என் புருஷன் இந்த மனுஷன்தான். வாயைத் திறந்து பாருங்க, தெரியும்."

சிஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அட பாவி! உன் புருஷனுக்கு வந்த கிட்டுதானே அது? ஒரு தாய்க்கு ஒரு கணவர்தாம்மா. மேல கணக்குக் கேட்டா நான் என்ன சொல்றது?"

"அப்போ இவர ரெண்டாவது புருஷன்னு சொல்லிடுங்க. எனக்கு ஒண்ணும் வெக்கமில்ல."

பெஞ்சு வெடித்துச் சிரித்தது. ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, இங்கேயே பெத்துடுவேன் போல" என்று கத்தினாள். சிஸ்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் என் வீட்டுக்காரரின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. கணக்குப் பார்க்காமல் ஒரு கிட்டைப் பிரித்தார். எனக்குப் பயந்தா, அத்தனை பெண்களுக்குப் பயந்தா தெரியாது, வீட்டுக்காரர் கையை நீட்டினார்.

வெளியே காத்திருந்தோம். பெஞ்சு இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. "முதல் புருஷன் எப்போம்மா வருவார்?" என்று ஒருத்தி கேட்டதற்கு நானும் ஏதோ பதில் சொல்லிச் சிரித்தேன். காது மட்டும் உள்ளே இருந்தது. கத்துங்க சிஸ்டர், ஒண்ணும் இல்லன்னு கத்துங்க என்று வேண்டிக்கொண்டே இருந்தேன்.

சிஸ்டர் கத்தவில்லை. எழுந்து வந்தார். "ரெண்டு பேரும் உள்ள வாங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, குனிந்து செங்கல்லை எடுத்தார். பெஞ்சில் சிரிப்பு அப்படியே அடங்கிப்போனது.

கதவைச் சாத்தியதும் அறை புழுங்கியது. இன்னும் இரண்டு விதமாகப் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்றார் சிஸ்டர். மருந்து இருக்கிறது, ஒழுங்காகச் சாப்பிட்டால் நல்லபடியாக இருக்கலாம், பிள்ளையையும் காப்பாற்றிவிடலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வீட்டுக்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கதவைச் சாத்தினத வெளிய எல்லாரும் பாத்திருப்பாங்களா?"

எனக்கும் வந்திருக்குமா, பிள்ளைக்கு என்ன ஆகும் என்று கேட்கத் தோன்றவில்லை அந்த மனுஷனுக்கு. புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, என் கையை மேசைமேல் வைத்தேன்.

"இவருக்கு அப்புறமா பதில் சொல்லிக்கலாம் சிஸ்டர். இப்போ எனக்குக் குத்துங்க."